காலியாக இருக்கக் கூடாத ஆறு கட்டில்கள்

சென்ற மாதம் என் தங்கையின் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டியவளுக்கு ஆஸ்பத்திரிப் படி ஏறுவது கிட்டத்தட்ட மலையேற்றம்தான். மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சின்னப் பெண் கையில் படிவத்தோடு வந்தாள். பிள்ளை பெற்ற தாய்மாரின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றி ஏதோ ஆராய்ச்சியாம். நன்றாகத் தூங்குகிறீர்களா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, உங்களுக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பேத்தி எல்லாவற்றுக்கும் மூன்றிலேயே வட்டம் போட்டுவிட்டாள். ஏனடி என்று கேட்டேன்.

"நடுவுல நின்னா யாரும் திருப்பிக் கேள்வி கேக்க மாட்டாங்க பாட்டி" என்றாள்.

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் படுக்கையில் விரித்திருந்த ரப்பர் சீலையின் வாடை மூக்கில் ஏறிவிட்டது. இப்போது அது ரப்பரே இல்லை, ஏதோ பிளாஸ்டிக். ஆனாலும் துடைத்த மருந்தும் பாலும் ஈரமும் சேர்ந்த அந்த வாடை மாறவில்லை. அந்த வாடை வந்தால் எனக்கு ராக்காயியின் குறட்டை கேட்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று இல்லை. நான் சொல்லப் போகிற எதையுமே நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

இருபத்திரண்டு வயதில் மருத்துவிச்சிப் படிப்பை முடித்துக்கொண்டு, நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் வேலைக்குப் போனேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் எங்கெங்கோ நன்றாக இருக்கிறார்கள். என் அப்பா ஹட்டனில் தையல்காரர். பக்கத்துக் கடைக்காரர்களோடு பழகி எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வெள்ளைச் சேலை, வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, கறுப்புக் குடை என்று கெட்டிக்காரியாகப் போய் இறங்கினேன். வெள்ளைச் சப்பாத்துக்கு அட்டைகள் எந்த மரியாதையும் தரவில்லை. முதல் நாள் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் இரண்டு காலும் செம்பருத்திப் பூவாக இருந்தன. நான் பார்க்கப் போன பிள்ளை பெற்ற பெண்ணே எழுந்து வந்து என் காலில் சுண்ணாம்பு தடவிவிட்டாள்.

அந்தக் காலத்தில் பெண்கள் லயத்துக் காம்பராவிலேயே பெறுவார்கள். ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே விறகு, அதிலேயே புருஷன், மாமியார், முந்தைய பிள்ளைகள். பிறந்த மூன்றாம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விடுவார்கள். சட்டப்படி சில வாரம் கொழுந்தெடுக்கப் போகவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டம் தண்ணீருக்கும் விறகுக்கும் ரொட்டிக்கும் பொருந்தாது. மாதம் முடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவார்கள். பிள்ளை, ஆயாம்மா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடக்கும். பத்து மணிக்கு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஓட வேண்டும்.

கல்யாணம் ஆகாத நான் இவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்வேன். நல்லா ஓய்வெடுங்க, நல்லாத் தூங்குங்க, பாலும் முட்டையும் சாப்பிடுங்க என்பேன். எல்லோரும் பணிவாகத் தலையாட்டுவார்கள். ஒருத்தி மட்டும் ஒருநாள், "எந்த முட்டைய மிஸியம்மா?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள். அன்றிலிருந்து முட்டையை விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் தோட்டத்தில் ஒரு பிரசவ வார்டு இருந்தது. டிஸ்பென்சரிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். ஆறு இரும்புக் கட்டில், ஆறு மெத்தை, ஆறு சிவப்பு ரப்பர் விரிப்பு. தோட்டத்தில் இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று எங்கோ விதி இருந்தபடியால் கம்பனி கட்டிக் கொடுத்திருந்தது. அதில் யாரும் படுத்ததில்லை. கட்டில் உயரம், தூக்கத்தில் பிள்ளையோடு விழுந்துவிடுவோம் என்று பெண்களுக்குப் பயம். தவிர, அவர்கள் வந்து படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பை யார் மூட்டுவது?

ஆகையால் நான் போனபோது மூன்று கட்டிலில் டிஸ்பென்சர் ஐயாவின் விதை உருளைக்கிழங்கு முளைவிட்டுக்கொண்டிருந்தது. டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுக்குக் காத்திருந்தவர், சண்டை சச்சரவு பிடிக்காதவர். அந்த வார்டில் அதுவரை நடந்திருந்த ஒரே பிரசவம் தோட்டத்து மேனேஜர் பெரிய துரையின் நாய்க்கு. பங்களாவில் விருந்தாளிகள் இருந்ததால் அதை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஐந்து குட்டி. பங்களாவிலிருந்து தினமும் அதற்குப் பாலும் ஈரலும் வந்தனவாம். துரையின் மனைவி தொரசாணி இரண்டு வேளையும் நேரில் வந்து பார்த்தாராம். வார்டுப் புத்தகத்தில் அதன் பெயரை எழுதி, மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று டிஸ்பென்சர் ஐயா யோசித்து, கடைசியில் "கிறிஸ்தவம்" என்று எழுதியிருந்தார். நானே கண்ணால் பார்த்தேன்.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. தோட்டத்துப் பிரசவ வார்டைப் பார்வையிட வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருகிறார். பெரிய துரை டிஸ்பென்சரிக்கு வந்தார். அவர் நல்ல உயரமான வெள்ளைக்காரர். இருபது வருடம் தோட்டத்தில் இருந்தவர். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ஏவல் வினை. போ, வா, வெட்டு, கிள்ளு, எழும்பு. ஆகவே டிஸ்பென்சர் ஐயாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வியாழக்கிழமை ஆறு கட்டிலிலும் ஆறு தாய்மார் இருக்க வேண்டும். எங்கள் கையில் அந்த மாதம் பெற்றவர்கள் இரண்டே பேர். மிச்சம் நான்குக்குக் கங்காணியைக் கேள் என்றார் துரை. கங்காணி, மண் கிளறி முள்ளுக்குத்த ஆள் கேட்டால் எப்படிக் கொண்டுவருவாரோ அப்படியே நான்கு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

உருளைக்கிழங்கு இடம்பெயர்ந்தது. வியாழன் காலை ஆறு பேரும் குளித்து, தலை வாரி, கட்டிலில் ஏறினார்கள். ஏறினார்கள் என்றா சொன்னேன்? ஏற்றப்பட்டார்கள்.

மூன்று பேரை மட்டும் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். முதல் கட்டிலில் அஞ்சலை. பத்தொன்பது வயது, தலைப்பிள்ளை, பெற்றுப் பன்னிரண்டு நாள். இரண்டாவது ராக்காயி. ஐந்து பிள்ளைக்காரி, மண்ணுக்குக் கொடுத்தது இரண்டு. கடைசிப் பிள்ளைக்கு நாற்பது நாள். மலைக்குத் திரும்பிப் பத்து நாளாகி, கூடைக் கயிறு நெற்றியில் பள்ளம் பண்ணியிருந்தது. கடைசிக் கட்டிலில் காத்தாயி. அவள் பிள்ளைக்குப் பதினான்கு மாதம். நடக்கும். ஓடவும் ஓடும். அதைக் கம்பளிக்குள் சுற்றிப் படுக்க வைத்தால் மறுபக்கம் வழியாக இறங்கிப் போய்விடும்.

ஆறு பேரும் விறகுக் கட்டை மாதிரி விறைத்துப் படுத்து, இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு மழை பிடித்தது. பகலுக்கு மேல் செய்தி வந்தது: ரோட்டில் மண் சரிந்துவிட்டது, டாக்டர் நாளைக்கு வருவார். இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நாளைக் காலையில் மறுபடி பிடித்து வருவது கஷ்டம் என்று கங்காணி சொன்னார். அப்படியே இருக்கட்டும், வேலைக்கு வந்ததாகப் பெயர் போட்டுவிடு என்றார் துரை. மறுநாள் மழை இன்னும் பலத்தது. நாளைக்கு வருவார் என்றார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே.

இரண்டாம் நாள் காலையில்தான் ராக்காயி தூங்கினாள். சும்மா சொல்லவில்லை, அப்படி ஒரு தூக்கத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, பகல் முழுக்கத் தூங்கினாள். வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்தது, தேயிலை ஸ்டோர் சங்கு ஊதியது, காத்தாயியின் பிள்ளை அவள் கட்டிலுக்கடியில் புகுந்து கத்தியது. அசையவில்லை. அவள் பிள்ளை அழுதபோது நானே எடுத்து அவள் மார்பில் வைத்தேன். பிள்ளை குடித்தது, அவள் தூங்கினாள். மறுநாள் காலையிலும் தூங்கினாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாடி பார்த்தேன். குறட்டை விடுகிறவளுக்கு நாடி பார்த்த ஒரே மருத்துவிச்சி நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்தாள். தகரக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸியம்மா, நான் செத்துப் போயிட்டனா?"

இல்லையம்மா, வார்டில் இருக்கிறாய் என்றேன். அப்படியானால் சாப்பிட ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

உண்டு. டாக்டர் எந்த நேரமும் வந்துவிடலாம் என்பதால் பங்களாக் குசினியிலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்தது. சோறு, சூப்பு, ஒருநாள் முட்டையும் சீனியும் போட்டு அவித்த புட்டிங். பெண்கள் அந்தப் புட்டிங்கைச் சுற்றி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்கள். ஆட்டினால் ஆடியது. தொட்டால் வழுக்கியது. நல்ல முட்டையை இப்படிப் பண்ணிவிட்டார்களே என்று காத்தாயி வருத்தப்பட்டாள். ராக்காயி மட்டும் தன் பங்கையும், வேண்டாமென்று வைத்தவர்கள் பங்கையும் சாப்பிட்டு முடித்தாள்.

இதற்குள் லயத்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் காலை வார்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. ராக்காயியின் புருஷன் முனியாண்டி. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், நல்ல மனுஷன், குரல் எழுப்பத் தெரியாதவன். தலையில் சாக்கு, கையெல்லாம் கோதுமை மா.

"ஏ புள்ள, உப்பு எங்க இருக்கு?"

அடுப்புக்கு மேலே பலகையில், தகர டின்னில் என்றாள் ராக்காயி, படுத்தபடியே. அவன் போனான். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தான். மா கையில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது? மத்தியானம் இன்னொரு தடவை. கடைசிக்கு முந்தினவன் அழுதுகொண்டே இருக்கிறான், எதற்கு அழுவான்? அவனுக்குப் பின்னால் அஞ்சலையின் புருஷன் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் சந்தேகம். பருப்பை முதலில் போடுவதா, தண்ணீரையா? பச்சை விறகு எப்படிப் பற்றும்? ஒருவன் தன் இரண்டாவது மகளை எந்த வகுப்பு என்று பள்ளிக்கூட வாத்தியார் கேட்டதாகவும் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னான். கட்டிலில் கிடந்த பெண்கள், துரை பங்களா வாசலில் நின்று வேலை சொல்வது போல ஜன்னல் வழியாகப் பதில் சொன்னார்கள். கூட்டம் தாங்காமல் நான் புருஷன்மாருக்கு நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று. காலையில் கால்மணி, மாலையில் கால்மணி.

வார்டு சொர்க்கமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் நாள் மூன்றாவது கட்டில்காரியின் நாலு வயது மகன் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டான். அவள் அலறிக்கொண்டு இறங்கி ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. அன்று மாலை மற்றவர்கள் எல்லோரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டிலும் இப்படி ஏதாவது நடக்கிறதோ என்று ஒவ்வொருத்திக்கும் பயம். ராக்காயிகூட எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முனியாண்டி வந்து நான்கு பிள்ளைகளையும் ஜன்னலில் தூக்கித் தூக்கிக் காட்டிய பிறகுதான் மறுபடி படுத்தாள். காலியான கட்டிலுக்குக் கங்காணி வேறொருத்தியைக் கொண்டுவந்தார்.

ஆறாம் நாள் டாக்டர் வந்து சேர்ந்தார். வயதான சிங்களவர், மெலிந்த மனிதர். மண்சரிவுக்கு இந்தப் பக்கம் கார் வராததால் இரண்டு மைல் நடந்து வந்திருந்தார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, சப்பாத்தைக் கையில் பிடித்திருந்தார். காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு கொண்டுவந்தேன். தோட்டத்தில் நான் கற்றுக்கொண்ட முதல் மருத்துவம் அதுதானே.

பெரிய துரையும் டிஸ்பென்சர் ஐயாவும் இரண்டு பக்கமும் நிற்க, அவர் கட்டில் கட்டிலாக வந்தார். துரையோடு ஆங்கிலம், என்னோடு சிங்களம். நான் பெண்களிடம் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். துரைக்குச் சிங்களம் தெரியாது. கடைசிக் கட்டிலுக்குப் போய், இந்தப் பிள்ளை பிறந்து எத்தனை நாள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டிஸ்பென்சர் ஐயா பதற்றத்தில் ஆங்கிலத்தில் பன்னிரண்டு நாள் என்றுவிட்டார். அவர் சொல்லி முடிக்கவும், காத்தாயியின் பிள்ளை கம்பளியிலிருந்து வெளியே வந்து, கட்டிலைப் பிடித்து இறங்கி, கட்டிலோரம் கழற்றி வைத்திருந்த டாக்டரின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்து போனது.

டாக்டர் அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துரையிடம், இந்த மலைக் காற்று பிள்ளைகளுக்கு ரொம்பவும் ஒத்துப்போகிறது போலிருக்கிறது என்றார். துரை முகம் சிவந்து, ஆமாம், நாம் நல்ல உயரத்தில் இருக்கிறோம் என்றார்.

திரும்பி வரும் வழியில் ராக்காயியின் கட்டிலருகே டாக்டர் நின்றார். அவள் எழுந்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். உனக்கு இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். நல்லாருக்குங்க என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள். யோசித்து, அவரையே நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு இத்தோட ஏழு பெத்தாச்சுங்க. விடிய முந்தி போயி இருட்டுனாத்தான் வருவேன். ஒரு புள்ள மொகத்தயும் வெளிச்சத்துல வச்சு நின்னு பாத்ததில்ல. இத இந்த ஆறு நாளா பாக்குறேன். காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்குங்க இதுக்கு."

நான் பெரிய தைரியசாலி இல்லை. துரை பக்கத்தில் நின்றார். ஆனால் சிங்களம் அவருக்குப் புரியாது என்ற ஒரே தைரியத்தில், ஒரு சொல் விடாமல் அப்படியே சொல்லிவிட்டேன். மச்சத்தையும் சொன்னேன். டாக்டர் குனிந்து பிள்ளையின் காதை மடக்கி மச்சத்தைப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

மெத்தை நன்றாக இருக்கிறதாம் என்றார் டாக்டர் ஆங்கிலத்தில்.

அவர் கேட் தாண்டியதும் கங்காணி வார்டு வாசலில் வந்து நின்று எல்லோரையும் கிளம்பச் சொன்னார். ஐந்து பேர் இறங்கினார்கள். ராக்காயி இறங்கவில்லை. கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கங்காணி சத்தம் போட்டார். அவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை.

"நான் இன்னும் எந்திரிக்கலிங்க" என்று மட்டும் சொன்னாள். யாரோ வேறு ஒருத்தியைப் பற்றித் தகவல் சொல்வது மாதிரி இருந்தது.

டிஸ்பென்சர் ஐயா வந்து கெஞ்சினார். துரையே வந்தார். கட்டிலருகே நின்று, "எழும்பு" என்றார். அவள் எழும்பவில்லை. அதற்கு மேல் அவரிடம் தமிழ் இல்லை. டிஸ்பென்சர் ஐயாவிடம் திரும்பி, இவளுக்கு என்ன நோய் என்று கேட்டார். நோய் ஒன்றும் இல்லை என்றால், நோயில்லாதவள் வார்டில் எப்படிப் படுக்கலாம்? அவர் கேட்டதும் நியாயம்தான். அது பிரசவ வார்டு, பிரசவித்தவள் படுத்திருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள். காய்ச்சல் பார் என்று எனக்கு உத்தரவு.

தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மருந்துக் காம்பராவுக்குப் போனேன். அங்கே என் தேத்தண்ணி ஆவி பறக்க இருந்தது. நான் என்ன செய்தேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஆனால் இதிலெல்லாம் எனக்கு முன் அனுபவம் கிடையாது. எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. திரும்பி வந்து கட்டிலோரம் ஒரு பாவனை காட்டிவிட்டு டிஸ்பென்சர் ஐயாவிடம் நீட்டினேன். பாதரசம் மேல் முனை வரை ஏறி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"பிள்ளை," என்றார், என் காதுக்கு மட்டும், "இந்தச் சூட்டில மனிசர் உயிரோட இருக்கேலாது."

நான் தரையைப் பார்த்தேன். சண்டை சச்சரவு பிடிக்காத அந்த மனிதர் தெர்மாமீட்டரை நாலு தடவை உதறினார். பிறகு துரையிடம் திரும்பி, நூற்றிரண்டு என்றார். பிரசவக் காய்ச்சலாக இருக்கலாம், தொற்றக்கூடியது, லயத்துக்கு அனுப்பினால் பரவும் என்றார். துரை இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். ராக்காயி அந்த வார்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது என்று கடும் உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை அஞ்சலை தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் காய்ச்சலாம். இந்தத் தடவை தேத்தண்ணியை நான் நன்றாக ஆறவிட்டேன்.

எட்டு நாள் கழித்து டாக்டரின் கடிதம் வந்தது. டிஸ்பென்சர் ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். பொய்யைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தொப்பியைப் பற்றியும் இல்லை. வார்டு மிகச் சிறப்பாக நடப்பதாகப் பாராட்டியிருந்தார். ஒவ்வொரு தாயும் குறைந்தது பத்து நாள் அங்கே தங்கி, பார்வையிட்ட நாளில் கிடைத்த அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். நான் மறுபடி வருவேன், முன்னறிவிப்பு இருக்காது, அப்போதும் இதேபோல ஆறு கட்டிலும் நிறைந்திருப்பதைக் காண ஆவலாக இருக்கிறேன் என்று முடித்திருந்தார். அவ்வளவுதான் கடிதம்.

துரைக்குக் கிலி பிடித்தது. மலையடிவாரத்தில் எந்தக் கார் தெரிந்தாலும் டிஸ்பென்சரிக்கு ஆள் ஓடி வரும்: கட்டில் நிறைந்திருக்கிறதா? அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியும் பத்து நாள் கட்டிலில் படுத்தாள். சில மாதம் பிறப்புக் குறைவாக இருக்கும். அப்போது கட்டில் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகப் பழைய தாய்மாரைக் கூப்பிடுவோம். ஒருமுறை அப்படிப் படுத்தவளின் பிள்ளை ஒன்பது வயதுக்காரி. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வார்டுக்கு வந்து, சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் பச்சைப் பிள்ளையாகப் படுத்துக்கொள்வாள். அவளுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி.

யார் எப்போது வருவது என்ற முறையை ராக்காயிதான் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் யாருக்கு எத்தனை நாள் ஆனது, யாருடைய புருஷனுக்கு இன்னும் பருப்பு அவிக்க வரவில்லை, யார் வீட்டுச் சின்னதுகளை எந்த லயத்தில் விட வேண்டும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. கையைச் சுட்டுக்கொண்ட பையனுக்குப் பிறகு, சின்னப் பிள்ளை உள்ளவள் வார்டுக்கு வந்தால் பக்கத்துக் காம்பராக்காரி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள்தான் ஏற்பாடு பண்ணினாள். முனியாண்டி ரொட்டி சுடக் கற்றுக்கொண்டான். பல்லுக்குச் சோதனை என்றாலும் ரொட்டி ரொட்டிதான். நானும் என் பிரசங்கத்தை மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை முட்டையைச் சொன்னபோது யாரும் எந்த முட்டை என்று கேட்கவில்லை.

இப்படி இரண்டு வருடம். முகம் எப்படி மாறும் என்று நான் அப்போதுதான் பார்த்தேன். நாலாம் நாள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புக் குறையும். ஆறாம் நாள் பக்கத்துக் கட்டிலோடு பேச்சு தொடங்கும். எட்டாம் நாள் சிரிப்புச் சத்தம் டிஸ்பென்சரி வரை கேட்கும், டிஸ்பென்சர் ஐயா கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒரு காலை டிஸ்பென்சர் ஐயா பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பெட்டிச் செய்தியைக் காட்டினார். அந்த டாக்டர் காலமாகிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்ச வரியை வாசித்தோம். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கணக்குப் பார்த்தால், எங்களுக்குக் கடிதம் எழுதிய அடுத்த மாதமே வேலையிலிருந்து போயிருக்கிறார். வர முடியாத ஒருவர் வருவார் என்று இரண்டு வருடம் நாங்கள் கட்டில் நிரப்பியிருக்கிறோம். வர முடியாது என்று அவருக்குத் தெரிந்தேதான் எழுதினாரா என்று நான் கேட்டேன். டிஸ்பென்சர் ஐயா பத்திரிகையை நாலாக மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

"எனக்கு இண்டைக்குப் பேப்பர் வரேல்லை" என்றார்.

ஆனால் பங்களாவுக்கும் அதே பத்திரிகைதான் வரும்.

மத்தியானமே கங்காணி ஆட்களோடு வந்தார். ஆறு கட்டிலையும் கழற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோக உத்தரவு. நான்கு பெண்கள் எதுவும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு கட்டில்காரி அன்று காலையில்தான் நாள் முடிந்து போயிருந்தாள். இன்னொன்றில் அஞ்சலை, இரண்டாவது பிள்ளையோடு, ஆறாம் நாளில் இருந்தாள். மெத்தையைச் சுருட்டுவதற்காக அவளை எழுந்திருக்கச் சொன்னார்கள். அவள் எழுந்து, பிள்ளையைச் சேலையில் சுற்றி, விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மிஸியம்மா, மிச்ச நாலு நாள எப்ப தருவாங்க?"

அடுத்த பிள்ளைக்குச் சேர்த்துத் தருவார்கள் என்றேன். சரிங்க என்று தலையாட்டிவிட்டு லயத்துப் படியில் இறங்கிப் போனாள்.

நான் அடுத்த வருடம் கல்யாணமாகி மஸ்கெலியாப் பக்கம் போய்விட்டேன். டிஸ்பென்சர் ஐயா ஊருக்குப் போய்ச் சேர்ந்தார், பிறகு இறந்தும் போனார். ராக்காயியும் முனியாண்டியும், பிறகு வந்த இரு நாட்டு ஒப்பந்தப்படி, பிள்ளைகளோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. அஞ்சலை குடும்பமும் அப்படித்தான்.

சில வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்தத் தோட்டத்தில் இறங்கிப் பார்த்தேன். வார்டு நின்ற இடத்தில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். டிஸ்பென்சரி பூட்டிக் கிடக்கிறது. யாரும் இப்போது லயத்தில் பெறுவதில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், ஓரிரு நாளில் வேன் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் சாவது குறைந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான், குறை சொல்ல வரவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு நின்ற சில பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒருத்திக்கு வீட்டில் மூன்று மாதப் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சமைத்தாளாம். இதே இடத்தில் ஒரு காலத்தில் பிள்ளை பெற்றவள் பத்து நாள் கட்டிலில் படுத்திருந்தாள், சாப்பாடு தேடி வந்தது, புருஷன் ஜன்னலில் நின்று உப்பு எங்கே என்று கேட்டான் என்று சொன்னேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டும் நின்றார்கள். பிறகு மூன்று மாதப் பிள்ளைக்காரி கூடையை மாட்டிக்கொண்டாள்.

"சும்மா சொல்லாதீங்கம்மா" என்றாள், அன்பாகத்தான்.